போங்காட்டமும் பொய்க் காயமும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் விளைவுகள், தேர்வுப் பகுப்பாய்வு என்று காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறோம். மதிய உணவுக்கு முன் கிடைத்திருக்கும் இந்த நேரத்தில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல. சமூக அறிவியல் நடத்துபவன். ஆனால் திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு வகுப்புக்குள் நுழைகிற எவருக்கும் தெரியும், ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆட்டம் அங்கே இன்னும் முடிந்திருக்காது. "அவன் நடிச்சான் சார்", "இல்ல சார், நெஜமாவே அடிபட்டுச்சு" என்று இரண்டு கட்சி நிற்கும். உரிமைகள், கடமைகள், சட்டத்தின் ஆட்சி என்று நாம் பாடம் நடத்தும்போது வாய் திறக்காத பிள்ளை, இந்த வழக்கில் வழக்கறிஞராகவே மாறிவிடும்.

பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. ஓடிப்பிடித்து விளையாடும்போது, பிடிபடப் போகிற நொடியில் "டைம் ப்ளீஸ்" சொல்லிவிட்டுக் காலில் முள் குத்தியதாக உட்கார்ந்துகொள்ளும் குழந்தையை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "போங்கு". நம் காலத்தில் "அழுகுணி ஆட்டம்" என்றோம். இந்தப் போங்காட்டத்தின் பெரிய வடிவங்களை உலக அரங்குகளிலிருந்து சில எடுத்துக்காட்டுகளுடன் சொல்கிறேன். பிறகு அது நம் பள்ளி மைதானத்தில் என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன்.

ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்புகள்

2024 ஜூன் மாதம். இருபது ஓவர் உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தானும் வங்கதேசமும் கிங்ஸ்டவுன் மைதானத்தில் ஆடின. மழை வருகிற நேரம். அந்தக் கணத்தில் ஆட்டம் நின்றால் டக்வொர்த் லூயிஸ் கணக்குப்படி ஆப்கானிஸ்தான் இரண்டு ரன் முன்னிலை. அரையிறுதி வாய்ப்பு அந்த இரண்டு ரன்னில் தொங்குகிறது. எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த பயிற்சியாளர், மெதுவாக ஆடுங்கள் என்பதுபோலக் கையசைத்தார். உடனே ஸ்லிப்பில் நின்ற குல்பதீன் நைப் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தார். தசைப்பிடிப்பு என்றார்கள். மழை விட்டு ஆட்டம் தொடர்ந்தபோது அவர் திரும்பி வந்து பந்து வீசி விக்கெட்டும் எடுத்தார். ஆப்கானிஸ்தான் 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. உலகமே சிரித்தது. நம் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

சில நாள்தான் கழிந்திருக்கும். ஜூன் 29, பிரிட்ஜ்டவுனில் இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் போதும் என்ற நிலை. கிளாசன் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டத்தில் ரிஷப் பந்த் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள ஆட்டம் சற்று நின்றது. மீண்டும் தொடங்கியதும் கிளாசன் ஆட்டமிழந்தார். இந்தியா 7 ரன்னில் கோப்பையை வென்றது. பிறகு ஒரு நிகழ்ச்சியில் அணித்தலைவர் ரோகித் சர்மா, ஆட்டத்தின் வேகத்தைத் தணிக்க பந்த் தன் மூளையைப் பயன்படுத்தினார் என்று பாராட்டாகவே சொன்னார். நாமும் கைதட்டினோம்.

எங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றாள். "சார், அவங்க பண்ணா நடிப்பு, நம்ம ஆளு பண்ணா மூளையா?" வகுப்பு அமைதியாகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் இரண்டு பேர் பக்கமும் சொல்ல நியாயம் இருக்கிறது. ஈரமான, புழுக்கமான சூழலில் தசைப்பிடிப்பு வருவது இயல்பு. பந்த் 2022 டிசம்பரில் பெரிய கார் விபத்தில் சிக்கி முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அந்தக் காலில் வலியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்னொருவர் உடம்புக்குள் இருக்கும் வலியை நாம் வெளியிலிருந்து அளக்க முடியாது. ஆனால் மாணவியின் கேள்வி வலியைப் பற்றியது அல்லவே! நம் தராசைப் பற்றியது. சட்டையின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறோமா என்று கேட்டாள். சாதி, ஊர், கட்சி என்று எத்தனையோ இடங்களில் நம் சமூகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் வழியாக வந்தது.

எல்லாத் தந்திரமும் ஒன்றல்ல

இந்த விவாதங்களில் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். "எல்லாரும்தான் சார் பண்றாங்க." அந்த மூட்டையை அவிழ்த்துத் தரம் பிரிக்கக் கற்றுக்கொடுப்பது நம் வேலை.

1981 பிப்ரவரி 1, மெல்போர்ன். கடைசிப் பந்தில் ஆறு ரன் அடித்தால் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்யலாம். ஆஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சாப்பல், பந்து வீசும் தன் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டிவிடச் சொன்னார். உருட்டினார். ஆஸ்திரேலியா வென்றது. அன்றைய விதிப்படி அது குற்றமே அல்ல. முன்கூட்டியே நடுவரிடமும் மட்டையாளரிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். ஆனால் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கண்டிக்கும் அளவுக்கு வெட்கக்கேடாகிப் போனது. பிறகு ஒருநாள் ஆட்டங்களில் அப்படி உருட்டி வீசுவதற்குத் தடை வந்தது.

இன்னொன்று. பந்து வீசுவதற்கு முன்பே கோட்டைத் தாண்டும் எதிர்முனை மட்டையாளரை ரன் அவுட் செய்வது. 1947இல் வினு மன்கட் சிட்னியில் பில் பிரவுனை அப்படி ஆட்டமிழக்கச் செய்தார். அதனால் அவர் பெயரே அந்தச் செயலுக்கு ஒட்டிக்கொண்டது. 2019 ஐபிஎல்லில் நம் சென்னையின் அஸ்வின் ஜோஸ் பட்லரை அதேபோல் வெளியேற்றியபோது, விளையாட்டு உணர்வுக்கே இழுக்கு என்று பாதி உலகம் திட்டியது. அஸ்வினோ, விதியில் இருப்பதைத்தானே செய்தேன் என்று உறுதியாக நின்றார். 2022இல் கிரிக்கெட் விதிகளைப் பேணும் எம்சிசி, இந்தப் பிரிவை "நியாயமற்ற ஆட்டம்" என்ற தலைப்பிலிருந்து எடுத்து "ரன் அவுட்" என்ற தலைப்பின் கீழ் வைத்துவிட்டது. நேற்று பழியாக இருந்தது இன்று சாதாரண ரன் அவுட்.

இந்த இரண்டிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டும் எல்லார் கண்முன்னும் நடந்தவை. எதையும் மறைக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் விதியை மாற்றலாம் அல்லது தெளிவாக்கலாம். அப்படித்தான் செய்தார்கள்.

பொய்க் காயம் அந்த வகை அல்ல. அது மறைத்தால்தான் பலிக்கும். "நடுவரே, எனக்கு அடிபடவில்லை, ஆனாலும் உருளப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒருவரும் உருள முடியாது. ஒரு செயல் தந்திரமா, ஏமாற்றா என்று மாணவர்கள் குழம்பும்போது நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: இதை நடுவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய முடியுமா? முடியும் என்றால் அது தந்திரம். நல்லதா கெட்டதா என்று விவாதிக்கலாம். முடியாது என்றால் அது ஏமாற்று.

2002 உலகக் கோப்பை கால்பந்தில், தென்கொரியாவின் உல்சான் நகரில் பிரேசிலும் துருக்கியும் மோதின. மூலையில் நின்ற ரிவால்டோவை நோக்கித் துருக்கி வீரர் பந்தை உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ பிடித்துக்கொண்டு விழுந்தது முகத்தை. துருக்கி வீரர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். மறுஒளிபரப்பில் உலகமே பார்த்தது. ஃபிஃபா ரிவால்டோவுக்கு அபராதம் விதித்தது. ஆனால் வெளியேறியவர் வெளியேறியவர்தான்.

இதைவிடக் கொடுமை 1989 செப்டம்பர் 3 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் நடந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. பிரேசில் ஒரு கோல் முன்னிலை. தோற்றால் சிலிக்கு உலகக் கோப்பை இல்லை. பார்வையாளர் பகுதியிலிருந்து எரியும் மத்தாப்பு ஒன்று மைதானத்தில் விழுந்தது. சிலியின் கோல்காப்பாளரும் அணித்தலைவருமான ரோபர்டோ ரோஹாஸ் முகமெல்லாம் ரத்தத்துடன் கிடந்தார். சிலி அணி அவரைத் தூக்கிக்கொண்டு வெளிநடப்புச் செய்தது. பிறகு படங்களை ஆராய்ந்தால், மத்தாப்பு அவர்மேல் படவே இல்லை. கையுறைக்குள் மறைத்து வைத்திருந்த பிளேடால் தன் முகத்தைத் தானே கீறிக்கொண்டிருந்தார். ரத்தம் உண்மை, காரணம் பொய். ஆட்டம் பிரேசிலுக்குக் கொடுக்கப்பட்டது. ரோஹாஸுக்கு வாழ்நாள் தடை; அது 2001இல்தான் நீக்கப்பட்டது. சிலி 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் கலந்துகொள்ள முடியாமல் போனது. 1989இல் பத்தாவது படித்துக்கொண்டிருந்த ஒரு சிலி நாட்டுக் கால்பந்து வீரனை நினைத்துப் பாருங்கள். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை.

விழுந்தால் லாபம் என்றால் விழுவார்கள்

பொய் சொல்லாதே என்று சொல்வதோடு நம் அறிவுரை முடிந்துவிடக் கூடாது. எங்கே விதியில் ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் பொய்க் காயம் முளைக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு இது நல்ல பாடப்பொருள்.

கிரிக்கெட்டில் முன்பு காயம்பட்ட மட்டையாளருக்குப் பதிலாக ஓட "ரன்னர்" உண்டு. 1997 மே மாதம் சேப்பாக்கத்தில் சயீத் அன்வர் 194 ரன் அடித்து அன்றைய உலக சாதனை படைத்தபோது, அவருக்காக ஓடியவர் ஷாகித் அஃப்ரிடி. நம் ஊர் டீக்கடையில் இன்றும், "ரன்னர் வெச்சு அடிச்ச ரன்தானே" என்பவர்கள் உண்டு. சென்னையின் மே மாத வெயில் பொய் சொல்லாது என்பது என் கட்சி! ஆனால் ரன்னர் வசதி தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற புகார் பெருகியதால், 2011 அக்டோபர் முதல் சர்வதேச ஆட்டங்களில் அதை நீக்கிவிட்டார்கள்.

கால்பந்தில், மைதானத்துக்குள் மருத்துவ உதவி பெற்ற வீரர் பொதுவாகச் சிறிது நேரம் வெளியே போய் நிற்க வேண்டும். அதனால் சும்மா விழுந்தால் சொந்த அணிக்கே ஓர் ஆள் குறையும். ஆனால் கோல்காப்பாளருக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே அணி தடுமாறும்போது கோல்காப்பாளர் உட்கார்ந்துவிடுவதையும், மற்ற பத்துப் பேரும் ஓடிப்போய்ப் பயிற்சியாளரிடம் யோசனை கேட்பதையும் அடிக்கடி பார்க்கலாம். டென்னிஸில் வெறும் தசைப்பிடிப்புக்குத் தனியாக மருத்துவ இடைவேளை கிடையாது. பக்கம் மாறும் நேரத்திலும் செட் இடைவெளியிலும்தான் கவனிக்க முடியும். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில், லேசாகப் பட்டதற்குப் பறந்து விழுபவர்களுக்கு 2012 முதல் அபராதம். 2023-24 பருவத்திலிருந்து ஆட்டத்தின்போதே தண்டனை. 2022 கால்பந்து உலகக் கோப்பையில், வீணடித்த நேரத்தை எல்லாம் கணக்குப் பார்த்துக் கடைசியில் சேர்த்தார்கள். லாபம் போனால் நடிப்பும் குறையும் என்பதுதான் இவை எல்லாவற்றின் அடிப்படை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொய்க் காயம் பெரும்பாலும் தனி ஆள் வேலை அல்ல. 2009 ஏப்ரல் 12. ஐரோப்பிய ரக்பி கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தின் ஹார்லெக்வின்ஸ் அணி, அயர்லாந்தின் லென்ஸ்டர் அணியிடம் 5-6 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. முன்பே வெளியேறிய முக்கிய உதைப்பாளரைத் திரும்ப உள்ளே கொண்டுவர ஒரே வழி, யாருக்காவது ரத்தக் காயம் பட வேண்டும். டாம் வில்லியம்ஸ் என்ற இளம் வீரரின் வாயில், வேடிக்கைப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய செயற்கை ரத்தக் குப்பி. கடித்தார், "ரத்தம்" வழிந்தது, வெளியே வரும்போது கண் சிமிட்டினார். அதைத் தொலைக்காட்சி பிடித்துவிட்டது. எதிரணி சந்தேகப்பட்டதும், உடைமாற்றும் அறையில் மருத்துவரிடம் கெஞ்சி உண்மையாகவே உதட்டைக் கீறிக்கொண்டார். உள்ளே வந்த உதைப்பாளரின் கடைசி முயற்சியும் தவறியது, ஆட்டமும் போனது.

விசாரணையில், பயிற்சி இயக்குநருக்கு 3 ஆண்டு தடை. உடலியக்கச் சிகிச்சையாளருக்கு 2 ஆண்டு. மருத்துவர் தன் தொழில்முறை மன்றத்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று. வில்லியம்ஸுக்கு 12 மாதத் தடை. மேல்முறையீட்டில் முழு உண்மையையும் சொன்ன பிறகு அது 4 மாதமானது. ஒரு குப்பிப் பொய்யைக் காப்பாற்ற எத்தனை படித்த பெரியவர்கள் தேவைப்பட்டார்கள், பாருங்கள்!

இங்கேதான் நான் நம் பக்கம் திரும்புகிறேன். மாணவர்களுக்கான ஒரு கபடிப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு புள்ளி முன்னிலை, கடைசி நிமிடம். கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர் ஒருவர், "படுத்துக்கடா, எந்திரிக்காத!" என்று கத்தினார். பையன் படுத்துவிட்டான். அவனுக்கு வயது பதின்மூன்று இருக்கும். அந்த அணி வென்றது. அன்று அந்தப் பையன் கபடியில் என்ன கற்றானோ, பெரியவர்கள் சொன்னால் பொய் சொல்லலாம் என்பதைக் கற்றிருப்பான். பள்ளி அணியுடன் துணைக்குப் போகும் நாம் யாராக இருந்தாலும், கோட்டுக்கு வெளியே நிற்கும் அந்த இடம் வகுப்பறைக் கரும்பலகைக்கு முன் நிற்கும் இடத்துக்குச் சமம்.

புலி யார் ஆட்டைத் தின்றது?

"புலி வருது, புலி வருது" கதையைத் தொடக்கப்பள்ளியிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தக் கதையில் பொய் சொன்ன சிறுவனின் ஆடுதான் போகிறது. வாழ்க்கையில் அவ்வளவு நியாயம் இருப்பதில்லை. பொய் சொன்னவன் ஒருவன். புலி தின்பது பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டை.

2000ஆம் ஆண்டு சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. அணியில் ஆடிய ஒருவர் உண்மையில் பத்திரிகையாளர். அவரே உண்மையை வெளியிட்டார். 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. தங்கம் பறிக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. குறைபாட்டைச் சரிபார்க்க நம்பகமான முறை இல்லை என்று, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான போட்டிகளே பாராலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டன. 2004 ஏதென்ஸில் இல்லை. 2008 பெய்ஜிங்கில் இல்லை. 2012 லண்டனில்தான், அதுவும் சில விளையாட்டுகளில் மட்டும், மீண்டும் வந்தன. ஒரு விளையாட்டு வீரரின் உச்ச வயது எத்தனை ஆண்டு? 12 ஆண்டுகளில் எத்தனை உண்மையான மாற்றுத்திறன் வீரர்கள் வாய்ப்பே கிடைக்காமல் ஓய்ந்திருப்பார்கள்? சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை நம் வகுப்பில் வைத்துக்கொண்டு படிக்கும்போது இந்தச் செய்தி நெஞ்சில் குத்துகிறது.

நெய்மாரைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பு முடியாது. 2018 உலகக் கோப்பையில் அவர் உருண்ட உருளலை நம் பிள்ளைகள் மைதானத்தில் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். அதே நெய்மார் நான்கு ஆண்டுகளுக்கு முன், 2014 காலிறுதியில், கொலம்பிய வீரரின் முழங்கால் முதுகில் இடித்து முதுகெலும்பு முறிந்து தூக்கிச் செல்லப்பட்டவர். உடம்பு உடைந்தால் என்ன ஆகும் என்று அறிந்தவர். ஆனால் 2018க்குப் பிறகு, உண்மையிலேயே அடிபட்டாலும் உலகம் முதலில் சிரித்துவிட்டுத்தான் பார்த்தது.

இன்னும் அண்மைக்கு வருவோம். 2025 ஜூலையில் மான்செஸ்டர் டெஸ்டில் கிறிஸ் வோக்ஸ் வீசிய பந்து பட்டு ரிஷப் பந்தின் பாதத்தில் எலும்பு முறிந்தது. அவர் மறுநாள் நொண்டிக்கொண்டே வந்து அரைசதம் அடித்தார். அடுத்த டெஸ்டில், ஓவலில், அதே வோக்ஸின் தோள்பட்டை விலகியது. கடைசி நாளில் ஒரு கையைக் கட்டித் தொங்கவிட்டபடி பதினோராவது ஆளாக இறங்கினார். இந்தியா 6 ரன்னில் வென்றது. இவ்வளவு பெரிய காயம் பட்டவர்களுக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரரை ஆடவிடக் கூடாதா என்ற விவாதம் எழுந்தது. இந்தியப் பயிற்சியாளர் கம்பீர் வேண்டும் என்றார். இங்கிலாந்து அணித்தலைவர் ஸ்டோக்ஸ் வேண்டவே வேண்டாம், அதில் ஓட்டைகள் அதிகம் என்றார். தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம்! உடைந்த காலோடும் விலகிய தோளோடும் ஒருவர் ஆட வேண்டியிருப்பதற்கு, எங்கோ யாரோ நடித்த பழைய நடிப்புகளும் ஒரு காரணம்.

நம் மைதானத்தில்

இதையெல்லாம் ஏன் இந்த அவையில் சொல்கிறேன்? நம் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையில் ஒரு பிள்ளை கீழே விழுந்தால் முதலில் கேட்கும் குரல் என்ன? "நடிக்கிறான் சார்!" தொலைக்காட்சி கற்றுக்கொடுத்த பாடம் அது. அந்தக் குரலை நம்பி நாமும் "எந்திரி, எந்திரி, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது.

நடிக்கும் பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் வலியை மறைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாவட்ட அணிக்குத் தேர்வாகாமல் போய்விடுவோமோ என்று கணுக்கால் வீக்கத்தைச் சொல்லாத பையன். மாதவிடாய் வலியைச் சொல்லக் கூச்சப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் மாணவி. "பொம்பள மாதிரி அழாதே" என்று கேட்டே வளர்ந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவன். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழும் குழந்தை. தேர்வுக்கு முன் "வயிறு வலிக்குது" என்று சொல்லும் குழந்தைக்குக்கூட, பயத்தால் உண்மையிலேயே வயிறு வலிக்கலாம். நடிக்கும் ஒரு குழந்தையைத் தவறாக நம்பினால் பத்து நிமிட ஆட்டம் போகும். ஒரு குழந்தை நடிக்கிறது என்று தவறாகச் சந்தேகப்பட்டால் போவது அதைவிடப் பெரியது.

தலையில் அடிபட்டால் இதை விளையாட்டாக எடுக்கவே கூடாது. கிரிக்கெட்டில் 2019 முதல், தலையில் அடிபட்டு அதிர்ச்சிக்குள்ளானவருக்குப் பதில் மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கிறார்கள். அதிலும் சர்ச்சை இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டு, அவருக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் கோபப்பட்டார். நம் சேலத்து நடராஜன் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் அறிமுகமான அதே ஆட்டம்தான். இவ்வளவு சர்ச்சைக்குப் பிறகும் அந்த விதியை எடுக்கவில்லை. தலைக் காயத்தில் சந்தேகத்தின் பலனை அடிபட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்பதில் உலகம் தெளிவாக இருக்கிறது. நம் பள்ளியிலும் அப்படியே. தலையில் அடிபட்ட பிள்ளை அன்று மறுபடி விளையாடக் கூடாது. தனியாக விடக் கூடாது. வாந்தி, கடும் தலைவலி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம், குழறும் பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் பெற்றோரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் செய்யக்கூடியவை

கடைசியாக, ஒரு பாடவேளையில் செய்யக்கூடிய எளிய செயல்பாடு. ஆறாம் வகுப்புக்கு மேல் எல்லா வகுப்பிலும் செய்யலாம். மன்ற நேரத்திலும் பொருந்தும். மேலே சொன்ன நிகழ்வுகளில் மூன்றைக் கதையாகச் சொல்லுங்கள். நாடு, வீரர் பெயர்களைச் சொல்லாதீர்கள். குழுக்களாகப் பிரித்து நான்கு கேள்விகளைக் கொடுங்கள்.

ஒன்று, இதை நடுவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய முடியுமா?

இரண்டு, இதனால் இழப்பு யாருக்கு? எதிரணியைத் தவிர வேறு யாருக்காவது உண்டா?

மூன்று, எந்த விதியை எப்படி மாற்றினால் இது குறையும்? அந்த மாற்றத்தால் உண்மையில் அடிபட்டவருக்குத் தீங்கு வருமா?

நான்கு, இப்போது பெயர்களைச் சொல்லுங்கள். உங்கள் தீர்ப்பு மாறுகிறதா? ஏன்?

மூன்றாவது கேள்வியில்தான் வகுப்பு சூடு பிடிக்கும். ஒரு குழு, "விழுந்தவனை ஆட்டத்தை விட்டே எடுத்துடணும்" என்று விதி எழுதும். அடுத்த குழு, "அப்ப நெஜமா அடிபட்டவன் சொல்லவே மாட்டானே" என்று மடக்கும். சட்டம் இயற்றுவது எவ்வளவு கடினமான வேலை என்பதைக் குடிமையியல் பாடம் சொல்வதைவிட இது நன்றாகச் சொல்லிவிடும். மொழி ஆசிரியர்கள் இதையே பட்டிமன்றமாக வைக்கலாம்.

மறுபக்கத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். ஜெர்மனியின் மிரோஸ்லாவ் குளோஸ, 2005இல் தனக்குக் கிடைத்த பெனால்டியை, அது தவறான தீர்ப்பு என்று நடுவரிடம் சொல்லி மாற்ற வைத்தார். 2012இல் இத்தாலியில், தான் போட்ட கோல் கையில் பட்டு உள்ளே போனது என்று தானே ஒப்புக்கொண்டார், கோல் ரத்தானது. உலகக் கோப்பை வரலாற்றில் ஆண்கள் பிரிவில் 16 கோல் அடித்தவர் அவர். போங்கு ஆடாமலும் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு அவர் பெயரே போதும்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "நடிக்காதே" என்ற சொல்லை நம் பள்ளி மைதானத்தில் யாரும் சொல்ல வேண்டாம் என்று அடுத்த காலை வணக்கக் கூட்டத்தில் அறிவியுங்கள். மாணவர்களும் வேண்டாம், நாமும் வேண்டாம். விழுந்த பிள்ளையிடம் முதல் கேள்வி "எங்கே வலிக்குது?" என்பதாக இருக்கட்டும். அது நடித்ததா இல்லையா என்பதைப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.